எல்லைக் கல் வரை தேக்கு

ஜூலை 9

சோளம் விதைத்து முடிந்தது. மக்காச்சோளம். போன இரண்டு வருஷமும் தேக்கு வரிசைகளுக்கு நடுவில் பயறுதான் போட்டோம், கையால் பறித்தோம். இந்த வருஷம் பறிக்க ஆள் இல்லை. பெண்கள் எல்லாரும் புதிதாக வந்த நூல் மில்லுக்குப் போய்விட்டார்கள். சோளம் என்றால் மிஷின் வந்து அறுத்து, உதிர்த்து, மூட்டையிலேயே கொட்டிவிடும் என்கிறாள் மருமகள். என்னிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டாள். விதை வாங்கி வந்த பிறகு.

எனக்கு இந்த மரங்கள் ஆகாது. வெட்டுக்கு வர இன்னும் இருபது வருஷமாம். நிலத்தில் பாதி வெயிலை இவைதான் தின்கின்றன. மகன் லாரியோடு ஊர் ஊராய்ப் போகிறான், நிலத்தைப் பார்ப்பது மருமகள். அவள் ஆசைப்பட்டு வைத்தது. பேத்திக்கு ஆகும் என்றாள். பேத்தி பேரைச் சொன்னால் நான் என்ன பேசுவேன்?

கடைசியில் இருக்கும் மரங்கள் மட்டும் வேறு. அவை என்னுடையவை.

ஜூலை 11

நேற்றே எழுதியிருக்க வேண்டும். கண் சொக்கிவிட்டது.

நிலம் நீளவாக்கில் கிடக்கிறது. ஒரு முனையில் வண்டிப்பாதை. மறு முனையில் எல்லைக் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் கொழுந்தனுடையது. என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. பாகம் பிரிந்த நாளிலிருந்து அவன் டிராக்டரை எங்கள் பக்கம் ஏற்றித்தான் திருப்புவான். அவன் நிலத்தில் கடைசிச் சால் வரை பயிர். திரும்புவதற்கு மட்டும் எங்கள் நிலம். அந்த முனை மண் தார் ரோடு மாதிரி இறுகி, ஒரு புல் முளைக்காது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "தம்பிதானே, திருப்பிட்டுப் போறான் விடு" என்பார்.

அந்தத் தம்பி என்ன செய்தான்? இவருக்கு நெஞ்சை அடைத்த அன்று மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போக அவன் வேனைக் கேட்டு ஓடினேன். வாசலில் நின்று பல்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தான். பழுப்புச் சட்டை, மேல் பொத்தான் கிடையாது. "டயர் பஞ்சர் அண்ணி" என்றான். ரோட்டில் போன வண்டியை மறித்து இவரை ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கிறேன் – அதே வேன், மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் போகிறது. மறுநாள் இவர் போய்விட்டார். பதினாலு வருஷம் ஆகிறது. அந்த வேனில் எத்தனை மூட்டை இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

கன்று நட்ட அன்று நாற்றுப்பண்ணைக்காரர் கயிறு பிடித்துக் குச்சி ஊன்றிக்கொண்டே போனார். கடைசியில் நின்று, "இங்க வண்டி திரும்ப இடம் விடணும்மா" என்றார். "எவன் வண்டி?" என்றேன். அவர் முழித்தார். கல்லை ஒட்டிக் குச்சி ஊன்றினால்தான் நடலாம் என்றேன். மருமகள் என்னவோ சொல்ல வந்தாள், பிறகு கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் வண்டி எங்கள் பக்கம் ஏறவில்லை. ஏற முடியாது. சுவர் மாதிரி நிற்கிறதே.

கோடையில் அந்த முனைக்கு மட்டும் நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். அவன் பார்க்கிற நேரமாகப் பார்த்துச் சுமந்தேன். அதனால்தான் முழு நிலத்திலும் அவைதான் பருத்த மரங்கள்.

ஜூலை 28

முளைப்பு நன்றாக இருக்கிறது. மயில் ஒரு மூலையைக் கிளறிவிட்டது. மீண்டும் ஊன்றினோம்.

ஆகஸ்ட் 17

மருமகள் ஏணியும் கைரம்பமும் கொண்டுபோய்க் கீழ்க்கிளை கழித்தாள். அப்போதுதான் மரம் கணு இல்லாமல் நேராக ஏறும், சோளத்துக்கும் வெளிச்சம் விழும் என்றாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தேக்கிலை ஒவ்வொன்றும் முறம் அகலம். தலையில் விழுந்தால் யாரோ அறைந்த மாதிரி இருக்கிறது.

எல்லை மரத்துக்கு வந்தபோது அவன் அந்தப் பக்கம் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். கல் வரைக்கும் மரவள்ளி. அவனும் ஓர் அடி விடவில்லை. என்னைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்து, "நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்றான். அவள், "அத்தை தண்ணி ஊத்தினது சின்ன மாமா" என்றாள்.

எதற்கு அவனிடம் அதைச் சொல்ல வேண்டும்? ஏணியை அவளே தூக்கி வரட்டும் என்று முன்னால் நடந்துவிட்டேன்.

செப்டம்பர் 20

இரண்டு மர வரிசைக்கு இடையில் உள்ள சந்தின் நடுவில் சோளம் ஆளை மறைக்கிறது. மரத்தை ஒட்டிய வரிசை இடுப்பளவுகூட இல்லை. மஞ்சள் பூத்து நிற்கிறது. மூத்தாள் பிள்ளை மாதிரி. சொன்னேனே, வெயிலைத் தின்னும் என்று. மருமகள் கணக்கு வேறு: ஓரம் குறைந்தாலும் நடுவில் வந்துவிடும், மரம் தனி வரவு என்கிறாள். வரட்டும். பார்க்கிறேன்.

அக்டோபர் 14

கதிர் பிடித்துவிட்டது. ஒன்றை உரித்துப் பார்த்தேன். முத்து நெருக்கமாக, வரிசை பிசகாமல் இருந்தது. அவளிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தின்று காட்டினேன். புரிந்திருக்கும்.

நவம்பர் 3

மட்டை காய்ந்துவிட்டது. காற்றடித்தால் நிலமே காகிதம் கசக்கும் சத்தம். ரேடியோவில் வாரக் கடைசியில் பெருமழை என்கிறான். காய்ந்த கதிர் நனைந்தால் செடியிலேயே முளைத்துவிடும், இல்லாவிட்டால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். மிஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. நாளை மறுநாள் வருகிறானாம்.

நவம்பர் 5

எப்படி எழுத?

மிஷின் காலையில் வந்தது. வீடு மாதிரி இருந்தது. டிரைவர் ஒல்லி, காதில் பீடி. பாதைப் பக்கம் நிறுத்திவிட்டு முதல் சந்தில் நடந்து போனான். நாங்களும் பின்னாலே போனோம். எல்லைக் கல் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் மரத்தைப் பார்த்தான், அந்தப் பக்கம் மரவள்ளியைப் பார்த்தான்.

"வண்டி எங்க திரும்பும் பாட்டி?"

நான் கல்லின் மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டேன்.

"பின்னாடியே எடுத்துட்டு வாங்களேன் தம்பி" என்றாள் மருமகள்.

"இவ்ளோ நீளத்துக்கா? ரெண்டு பக்கமும் மரம்மா. பின்னாடி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு மரத்துல மோதினா ஓனர் என் தோலை உரிச்சுத் தொங்க விட்ருவாரு. முனையில இருபது அடி வேணும். அந்தப் பக்கத்துக்காரர் விட்டாலும் சரி, உங்க மரம் விட்டாலும் சரி." பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "யாரு இப்பிடி நட்டது? வண்டியே பார்க்காத ஆளா?" என்றான்.

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

போய்விட்டான். இந்தப் பக்கம் இன்னும் நான்கு நாள் வேலை இருக்கிறதாம், அதற்குள் இடம் செய்தால் கூப்பிடச் சொன்னான். அப்புறம் ஆற்றுக்கு அக்கரை போய்விடுவானாம்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

மருமகள் எனக்குத் தெரியாமல் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தெரியாமல் என்ன, செருப்பு மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் எனக்குத் தெரியாதா? வந்து அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

"சின்ன மாமா முடியாதுன்னு சொல்லல அத்தை. மரவள்ளியை நானே பிடுங்கிக்கிறேன், வண்டி திரும்பட்டும்னாரு."

"அப்புறம்?"

"அண்ணி வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்னாரு."

நான் அவன் வாசலுக்குப் போக வேண்டுமாம். போனேனே ஒரு நாள். பல் குத்திக்கொண்டு நின்றானே. இன்னொரு தரம் அந்த வாசலில் நின்று கேட்பேனா? என் கட்டையில் உயிர் இருக்கும் வரை மாட்டேன். சோளம் போனால் போகட்டும்.

இல்லை, சோளம் போகக் கூடாது. கையால் ஒடிப்போம்.

நவம்பர் 6

விடிந்ததிலிருந்து ஒடித்தோம். நான், மருமகள், மில்லில் ஷிப்ட் முடித்துவந்த பக்கத்து வீட்டுக்காரி. சோள இலை கத்தி. மருமகள் முழங்கை முழுக்கக் கோடு கோடாய் ரத்தம். மூன்று பேர் சேர்ந்து ஒரு சந்தில் பாதிகூட முடிக்கவில்லை. எனக்கு மத்தியானத்தோடு இடுப்பு விட்டுவிட்டது. வரப்பில் உட்கார்ந்து மட்டை உரித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் பெரியம்மா, அந்த மரத்துக்குப் பதிலா முள்வேலி போட்டிருந்தா செலவு கம்மியாச்சே" என்றாள். கதிரை அவள் மேல் எறிந்தேன். சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அத்தை, இந்தச் சோளம் போச்சுன்னா அடுத்த வருஷம் போட என்னால முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம். நானும் பிள்ளையும் டவுனுக்குப் போயிடுறோம். உங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். குத்தகைக்கு எவன் எடுப்பான்? இந்த நிலத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பது ஒரே ஆள்தானே. கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரே நிலமாக உழுவான். நான் டவுனில் மாடி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு யார் வீட்டுத் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளிடம் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

நவம்பர் 7

தூறல். பாதி நாள்தான் ஒடித்தோம்.

மகன் போன் பண்ணினான். எந்த ஊரிலோ லாரியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினான். எல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டுட்டா என்னம்மா குறைஞ்சு போயிடும்?"

"உங்கப்பனைக் கேளு."

"அப்பா இருந்தா அவரே போய்க் கேட்டிருப்பாரு. உன்கிட்ட சொல்லக்கூட மாட்டாரு." பிறகு, "தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடைன்னு நீதானம்மா எனக்குப் பழமொழி சொல்லிக் குடுத்தே" என்றான்.

போனை வைத்துவிட்டேன். அந்தப் பழமொழி அவன் சித்தப்பனைப் பற்றிச் சொன்னது. எடுத்த ஆயுதத்தை எவன் மேல் எறிவது என்று தெரிய வேண்டாமா பிள்ளைக்கு.

நவம்பர் 8

எழுதியே ஆக வேண்டும். விரலை மடக்க முடியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மழை விட்டிருந்தது. வெளுத்ததும் கைரம்பத்தையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனேன். அவனிடம் கேட்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்? மரத்தை வெட்ட மாட்டேன் என்று சொல்லவில்லையே. ஒவ்வொரு வரிசையிலும் கடைசி இரண்டு. நானே தண்ணீர் சுமந்து வளர்த்தது. முதல் மரத்தில் ரம்பம் வைத்தபோது பட்டை ஈரமாக இருந்தது. தேக்கு மரம் அறுக்கும்போது ஒரு வாசனை வரும், புதுத் தோல் செருப்பு மாதிரி. இரண்டு மரம் சாய்ப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

மருமகள் தேடிக்கொண்டு ஓடிவந்தாள். சாய்ந்த மரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அத்தை, நிலத்துலயே நல்ல மரம் இதுதானே."

"தெரியும். ரம்பத்தைப் பிடி."

அழுதுகொண்டேதான் அறுத்தாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை அவளுக்கு.

சத்தம் கேட்டு அவன் வந்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகு நாள் ஆகிறது.

"ஒரு வார்த்தை கேக்கத்தானே சொன்னேன் அண்ணி."

"கேக்கல."

"தரையோட அறுங்க. குத்துக்கட்டை விட்டா டயர் கிழியும்."

அவன் சொல்லி நான் செய்வதா என்று நினைத்தேன். ஆனால் அறுத்த இரண்டும் முழங்கால் உயரம் நின்றன. டிரைவர் பார்த்தால் திரும்பிப் போய்விடுவான். மறுபடி குனிந்து தரையோடு அறுத்தேன். அவன் அங்கேயே நின்றான். போய்த் தொலைய மாட்டானா என்று இருந்தது. அப்போது, கேட்காமலே, கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அன்னிக்கு டயர் நிஜமாவே பஞ்சர்தான் அண்ணி. நீங்க போனதும் இரவல் டயர் வாங்கி மாட்டிட்டு வந்தேன். உங்க வீட்டுல யாரும் இல்ல."

நிமிர்ந்தேன். "மூட்டை ஏத்திட்டுப் போனியே சாயங்காலம். நான் ஜன்னல்ல நின்னேன்."

"ஆமா. ஏத்தினேன். சந்தையில இறக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரலாம்னுதான். நேரம் ஆயிடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சியோட வர்றது?"

மருமகள் ரம்பத்தை நிறுத்திவிட்டாள். "அறுடி" என்றேன்.

அவன் திரும்பி நடந்தான். வீட்டுக்குப் போகிறான் என்று நினைத்தேன். மரவள்ளியின் கடைசி வரிசையில் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்க ஆரம்பித்தான். முற்றாத கிழங்கு. விரல் தடிமன்கூட இல்லை. எங்கள் மரம் போனால் கிடைப்பது இருபது அடிக்குக் கொஞ்சம் குறையும், அது அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. முனை முழுக்கப் பிடுங்கிக் குவித்தான். நான் கேட்கவில்லை.

நம்புவதா? பதினாலு வருஷம் இரவல் டயர் கதையைச் சொல்ல வாய் இல்லாமலா இருந்தான்? யாரிடம் வாங்கினான்? கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த ஆளிடம் போய் விசாரித்திருப்பேன். விசாரித்து உண்மை என்று ஆகியிருந்தால்? அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 9

மிஷின் வந்தது. முதல் சந்தில் போய் முனையில் திரும்பியது. இரண்டு நிலத்திலும் சேர்த்து மிதித்துத் திரும்பியது. டிரைவர் மேலே இருந்து, "இப்ப எப்பிடி இருக்கு பாத்தீங்களா பாட்டி" என்று கத்தினான். அவனுக்கென்ன.

மூன்றாவது சந்தில் இருக்கும்போது மழை பிடித்தது. நிற்கவில்லை, ஓட்டினான். கடைசி இரண்டு சந்துகளையும் ஈரத்தோடுதான் எடுத்தான்.

நவம்பர் 17

ஈரச் சோளத்தைக் கூடத்தில், படுக்கை அறையில், கட்டிலுக்கு அடியில் என்று பரப்பிக் காற்றாடி போட்டுக் காய வைத்தோம். மூன்றில் ஒரு பங்கு கறுத்துப் போயிற்று. கோழிக்குக்கூட ஆகாது. மீதி நன்றாக இருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் போக ஏதோ நிற்கும் என்கிறாள் மருமகள். ஏதோ என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை.

டவுனைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பாள்.

டிசம்பர் 2

வெட்டிய மரத்தைச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறோம். மாட்டுக் கொட்டகைக்குக் கால் ஆகும். மகன் வந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அவன் அப்பனும் இப்படித்தான், எதுவும் சொல்லாமலே ஆளைக் கொல்வார். கிளம்பும்போது சித்தப்பன் வீட்டுப் பக்கம் போய்விட்டுத்தான் லாரி ஏறினான். பார்த்தேன்.

பிப்ரவரி 8

தேக்கு இலை உதிர்க்கிறது. நிலம் முழுக்கப் பழுப்புத் தட்டு. நடந்தால் அப்பளம் நொறுங்கும். மருமகள் அள்ளிச் சந்துகளில் பரப்புகிறாள், மக்கினால் உரமாம். இலை இல்லாமல் பார்க்கும்போது எல்லை முனை திறந்து கிடக்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி. அவன் வீட்டு வாசல் வரைக்கும் தெரிகிறது.

ஏப்ரல் 26

வெட்டிய அடிக்கட்டை எல்லாம் துளிர்க்கின்றன. தேக்கு அப்படித்தானாம், வெட்டினாலும் வேர் சாகாதாம். ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து தளிர், சிவப்பாக, வழவழவென்று. விட்டால் அடுத்த அறுப்புக்குள் ஆள் உயரம் வந்து மறுபடி வண்டியை மறிக்கும். ஒடித்துப் போட்டேன். விரல் முழுக்கச் சிவப்புச் சாயம். சோப்புக்குப் போகவில்லை.

ஜூன் 30

மருமகள் சோள விதை வாங்கப் போகிறாள். இந்த முறை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டாள். "போடலாமா அத்தை?" என்றாள். மரத்தை ஒட்டி இரண்டு வரிசை விட்டுப் போடு, அங்கே போட்ட விதையும் வீண், உரமும் வீண் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 6

காலையில் அவன் நிலத்தில் டிராக்டர் ஓடியது. மரம் இருந்தவரை குறுக்கே உழுதவன், பழைய மாதிரி நீளவாக்கில் உழுகிறான். முனைக்கு வந்து, வேகம் குறைத்து, கொஞ்சம் நின்று, எங்கள் பக்கம் ஏறித் திருப்பிக்கொண்டு போனான். நான் கல் பக்கத்தில்தான் நின்றேன். அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். போகட்டும் என்று விட்டேன்.

அவன் மறு முனைக்குப் போனதும் உட்கார்ந்து துளிர் ஒடித்தேன். வாரம் ஒரு தரம் ஒடிக்க வேண்டியிருக்கிறது. கல்லை ஒட்டிய மூலைக் கட்டையில் ஒரே ஒரு தளிர் நேராக ஏறியிருக்கிறது. விரல் வைத்தேன், ஒடிக்கவில்லை. மூலைதானே. வண்டி திரும்ப இடைஞ்சல் இல்லை. அது ஒன்று இருக்கட்டும்.

எல்லாவற்றையும் மறக்க முடியுமா?